செட்டிநாட்டு வீட்டுக் கொல்லைக்குப் பறவையும் பூச்சியும் வர என்ன செய்யலாம்?

கொல்லைக்கட்டு | கானாடுகாத்தான்

எல்லோருக்கும் வணக்கம். இரண்டாங்கட்டுக்குப் பின்னால் 40க்கு 60 அடி கொல்லை. செம்மண். வேம்பு ஒன்று, முருங்கை ஒன்று, கறிவேப்பிலை, நந்தியாவட்டை, மதிலோரம் தானாக முளைத்த எருக்கு. கிணற்றில் தண்ணீர் உண்டு. மாதம் ஒருமுறை ஆள் விட்டு மண்வெட்டியால் செதுக்கி, சருகைக் குவித்துக் கொளுத்துவது வழக்கம். தவிட்டுக்குருவி, சின்னான், தேன்சிட்டு, அணில், ஓணான் இவைதான் கண்ணில் படுகின்றன. ஐப்பசி மழைக்குள் கொல்லையை எப்படி மாற்றினால் இன்னும் பல வரும்? வருவதைப் பார்த்துக் குறித்துவைக்க என்ன முறை? வீட்டில் பாம்பு பயமும் இருக்கிறது. அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

ஊருணிக்கரை | பள்ளத்தூர்

முதலில் செதுக்குவதையும் கொளுத்துவதையும் நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். தவிட்டுக்குருவி, கொண்டலாத்தி, குண்டுகரிச்சான், மழைக்காலத்தில் வரும் ஆறுமணிக்குருவி எல்லாமே தரையில் இரை தேடுபவை. சருகுக்கு அடியில் புழு, வண்டு, கறையான் இருந்தால்தான் அவை இறங்கும். செதுக்கிய செம்மண் வெயிலில் இறுகிவிட்டால் கொண்டலாத்தியின் அலகுகூட உள்ளே போகாது.

முழுக் கொல்லையையும் காடாக விட வேண்டியதில்லை. வீட்டுச் சுவரிலிருந்து 10 அடி, நடக்கிற பாதை, கிணற்றைச் சுற்றி ஆகிய இடங்களைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். வேம்புக்கு அடியில் ஒரு பத்துக்குப் பத்து அடி மட்டும் சருகு மூடாக்காக நாலு விரல் உயரம் கிடக்கட்டும். வாரம் ஒருமுறை லேசாகத் தண்ணீர் தெளித்தால் ஒரு மழைக்குப் பிறகே வித்தியாசம் தெரியும்.

அடுத்தது தண்ணீர். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற அகலமான மண் தட்டு போதும், 14 முதல் 16 அங்குலம். ஓரத்தில் 1 செ.மீ., நடுவில் 5 செ.மீ. ஆழத்துக்கு மேல் போகக் கூடாது. தேன்சிட்டும் தையல்சிட்டும் காலூன்ற முடியாத ஆழத்தில் இறங்காது. வழுவழுப்பான எவர்சில்வர் தட்டு, பிளாஸ்டிக் பேசின் வேண்டாம். காலும் வழுக்கும், வெயிலில் தண்ணீரும் சுடும். நடுவில் நீர்மட்டத்துக்கு மேல் தலைநீட்டும் ஒரு சொரசொரப்பான கல் வையுங்கள். தேனீயும் குளவியும் அதில் உட்கார்ந்துதான் குடிக்கும். கல் இல்லையென்றால் மூழ்கிச் சாகும்.

பழைய ஆட்டுக்கல் சும்மா கிடந்தால் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் குழி ஆழம் அதிகம், ஓணான் குஞ்சு விழுந்தால் ஏற முடியாது. கூழாங்கல் போட்டு நிரப்பி மேலே இரண்டு விரற்கடை மட்டும் தண்ணீர் நிற்கும்படி செய்யுங்கள்.

வைக்கிற இடம் முக்கியம். புதருக்கு ஒட்டி வைத்தால் பூனை பதுங்கும். நடு வெட்டவெளியில் வைத்தால் வல்லூறு வந்தால் ஓடி ஒளிய இடமில்லை. கிளையிலிருந்து 6, 7 அடி தள்ளி, பிற்பகல் நிழல் விழும் இடம் சரி. தினமும் காலையில் கொட்டிவிட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, புதுத் தண்ணீர். சோப்பு வேண்டாம். கொசு முட்டையிட்டுப் பறக்க நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு வாரம் பத்து நாள் போதும், அதனால் ஒரு நாள் விட்டுப்போனாலும் பரவாயில்லை, ஒரு வாரம் விடக் கூடாது.

கம்பங்கதிர் | தேவகோட்டை

தண்ணீரோடு தீனியும் வையுங்கள் தம்பி. சிட்டுக்குருவிக்குக் கம்பு, தினை, நொய். முற்றத்துத் தூணில் நெற்கதிர்க் கொத்தைக் கட்டித் தொங்கவிட்டால் சிட்டுகள் தொங்கிக்கொண்டே உரித்துத் தின்னும். பார்க்கவும் வசதி.

ஊருணிக்கரை | பள்ளத்தூர்

கதிர்க்கொத்து நல்லது. தட்டில் கொட்டி வைப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை அண்ணே. அளவுக்கு மேல் கொட்டினால் மாடப்புறாதான் முதலில் வரும், பிறகு எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். ஒரு கைப்பிடி தானியம், காலையில், அரைமணிக்குள் தீர்ந்துவிடும் அளவு மட்டும். இருட்டுவதற்குள் தரையைக் கூட்டிவிட வேண்டும். காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கத்தை யாரும் விட வேண்டாம், ஆனால் உப்பில்லாத சோறாக, கொஞ்சமாக வைத்து, மீந்ததை எடுத்துவிடுங்கள். சித்திரை வெயிலில் இரண்டு மணி நேரத்தில் சோறு புளித்துப்போகும். மிக்சர், முறுக்கு, சீடை எதுவும் கூடாது, உப்பும் எண்ணெயும் சின்ன உடம்புக்குத் தாங்காது. தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் தொங்கவிடுவதைவிட ஒரு அகத்தி, ஒரு இட்லிப்பூச்செடி, ஒரு செம்பருத்தி வைப்பது மேல். தேன்சிட்டு குஞ்சுக்கு ஊட்டுவது தேனை அல்ல, சிலந்தியையும் சின்னப் பூச்சியையும். பூச்செடி இரண்டையும் தரும், சர்க்கரைத் தண்ணீர் தராது.

கம்பங்கதிர் | தேவகோட்டை

எலி விஷயம் சரிதான், ஒத்துக்கொள்கிறேன். தீனியைத் தரையில் வைக்காமல் தொங்கவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். எலிக்கு மருந்து மட்டும் வைக்காதீர்கள். மருந்து தின்று தள்ளாடும் எலியைக் கூகையோ புள்ளி ஆந்தையோ பிடித்துத் தின்றால் அதுவும் சாகும். பூட்டிக் கிடக்கும் வீடுகள் நிறைந்த நம் ஊர்களில் எலியைக் குறைப்பதே கூகைதான். அலறல் கேட்டால் ஆகாது என்று கல்லெறிந்து விரட்டுகிறார்கள், மனசு பொறுக்கவில்லை.

சிட்டுக்குருவிக் கூடுபெட்டி அளவு கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். அடிப்பலகை 15க்கு 15 செ.மீ., உயரம் 20 முதல் 25. வாசல் துளை 32 மி.மீ., அதன் கீழ்விளிம்பு தரைப்பலகையிலிருந்து 12 செ.மீ.க்குக் குறையாமல். துளை 45 மி.மீ. ஆகிவிட்டால் மைனா புகுந்துவிடும். அணில் கடித்துப் பெரிதாக்காமல் இருக்கத் துளையைச் சுற்றி ஒரு தகரத் தகடு அடியுங்கள். வாசலுக்கு வெளியே குச்சி வைக்காதீர்கள், சிட்டுக்கு அது தேவையில்லை, காக்கைக்குத்தான் உட்கார வசதி. அடியில் நாலு மூலையிலும் சின்ன ஓட்டை, தண்ணீர் வடிய. உள்ளே பெயின்ட், வார்னிஷ் கூடாது. தாழ்வாரத்து ஓட்டுக்குக் கீழே 9, 10 அடி உயரத்தில், மேற்கு வெயில் படாத சுவரில். மின்விசிறி சுற்றும் அறைக்குள் மட்டும் வேண்டாம்.

நந்தியாவட்டை | காரைக்குடி

பூச்சிப் பக்கம் நான் சொல்கிறேன். உங்கள் கொல்லையில் ஏற்கெனவே நல்ல செடிகள் இருக்கின்றன, அதைக் கவனிக்காமல் புதுச்செடி வாங்க ஓடாதீர்கள்.

கறிவேப்பிலையில் எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற இரண்டு வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும். துளிரிலையில் தனித்தனியாக, கடுகைவிடச் சின்னதாக, வெளிர்மஞ்சள் முத்துப்போல இருக்கும். பொரிக்க மூன்று நாலு நாள். முதலில் புழு கறுப்பும் வெள்ளையுமாகக் குருவி எச்சம் மாதிரி கிடக்கும், பறவை ஏமாந்துவிடும். கடைசித் தோலுரிப்புக்குப் பிறகுதான் பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னால் கவட்டைபோல ஒன்றை நீட்டி நாற்றம் விடும், கடிக்காது. புழுப்பருவம் ஏறத்தாழ இரண்டு வாரம், கூட்டுப்புழு ஒரு வாரம் பத்து நாள். மூன்றடிச் செடியில் நாலைந்து புழுவுக்கு மேல் இருந்தால் மொட்டையடித்துவிடும். கொல்லத் தேவையில்லை, இலையோடு கிள்ளி எலுமிச்சைக்கோ நாரத்தைக்கோ மாற்றுங்கள். சமையலுக்கு ஒரு செடி, புழுவுக்கு ஒரு செடி என்று ஒதுக்கிவிட்டால் வீட்டிலும் சண்டை இல்லை.

கூட்டுப்புழு கறுத்து, ஒரு துளையோடு காலியாகக் கிடந்தால் ஒட்டுண்ணிக் குளவியின் வேலை. அது நோய் இல்லை, மருந்து அடிக்காதீர்கள். வேப்பெண்ணெய்க் கரைசல்கூடப் புழுவைக் கொல்லும்.

எருக்கு வெந்தய வரியனுக்கு. அதைப் பிடுங்கச் சொல்லி யார் சொன்னாலும் பிடுங்காதீர்கள். அரளியில் வெண்புள்ளிக் கருப்பன், ஆமணக்கில் ஆமணக்கு வண்ணத்துப்பூச்சி, ஆவாரை, கொன்றையில் கொன்றை வெள்ளையன். மதிலோரம் ஆடுதின்னாப்பாளை ஒரு கொத்து இருந்தால் சிவப்புடல் அழகியும் ரோஜா அழகியும் வரும். நர்சரியில் கிடைக்காது. கரம்பு நிலத்திலிருந்து முற்றிய காயை எடுத்து வந்து விதைக்க வேண்டும்.

நர்சரிக் கன்று வாங்கினால் ஒரு எச்சரிக்கை. வேர்வழி ஏறும் பூச்சிமருந்து ஊற்றியிருப்பார்கள், இலையைத் தின்ற புழு இரண்டே நாளில் துவண்டு விழும். இரண்டு முறை புதுத் துளிர் வரும்வரை அந்தச் செடிக்கு வலை போட்டு மூடிவையுங்கள்.

இன்னொன்று, இதைப் பலர் முயல்வதில்லை. தேள்கொடுக்குச் செடியை வேரோடு பிடுங்கிக் காயவைத்துத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள். கிலுகிலுப்பையும் சரி. நீல வரியன், வெந்தய வரியன், வெண்புள்ளிக் கருப்பன் ஆண்கள் பூவே இல்லாத அந்தக் காய்ந்த தண்டில் மொய்த்து உறிஞ்சும். அந்தச் செடிச்சாற்றிலிருக்கும் ஒரு காரப்பொருளை (ஆல்கலாய்டு) வைத்துத்தான் அவை பெண்ணை ஈர்க்கும் மணத்தை உண்டாக்குகின்றன. வலசை போகும் கூட்டம் ஊர்வழியாகப் போகும் நாட்களில் ஒரு கொத்தில் பத்துப் பதினைந்து உட்காரும்.

கொல்லைக்கட்டு | கானாடுகாத்தான்

ஆச்சி, நந்தியாவட்டையில் கட்டை விரல் தடிமனில் பச்சைப்புழு, முன்பக்கம் இரண்டு நீலக் கண் மாதிரி. இது எது?

நந்தியாவட்டை | காரைக்குடி

அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு. கண்போலத் தெரிவது வெறும் புள்ளி, பறவையை மிரட்ட. வளர்ந்து முடிந்ததும் நிறம் பழுப்பாகிச் செடியைவிட்டு இறங்கி, சருகுக்குள் கூட்டுப்புழுவாகும். நீங்கள் மாதாமாதம் சருகைக் கொளுத்தியதில் இதுவும் சேர்ந்துதான் எரிந்திருக்கும்.

வளர்ந்த பூச்சியைப் பார்க்க, அமாவாசையை ஒட்டிய புழுக்கமான இரவில், கொல்லையில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, ஒரு புறஊதா எல்.இ.டி. விளக்கை ஒரு முழம் தள்ளித் தொங்கவிடுங்கள். ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை போதும். பிறகு விளக்கை அணைத்து, துணியை உதறிப் பூச்சிகளைப் புதரில் விட்டுவிட வேண்டும். விடியும்வரை விட்டால் கரிச்சானும் சின்னானும் வந்து துணியிலேயே பொறுக்கித் தின்றுவிடும். ஈசல் கிளம்பும் இரவில் மட்டும் விளக்கே வேண்டாம், ஈசலைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாது.

செம்புராங்கல் | கோட்டையூர்

வீட்டுச் சுவரைப் பற்றி யாரும் பேசவில்லையே. நம் பழைய வீடுகளில் பாதி உயிர்கள் கொல்லையில் இல்லை, சுவரில் இருக்கின்றன.

சுண்ணாம்புச் சுவர் வெடிப்பிலிருந்து மெழுகும் பிசினும் கலந்த சின்னக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் அது கொசுத்தேனீக் கூடு. கொட்டாது. வெள்ளையடிக்கும்போது கொத்தனார் அந்தக் குழாயைத் தட்டிவிட்டுப் பூசிவிடுவார், உள்ளே கூடு முழுவதும் செத்துப்போகும். வேலை தொடங்கும் முன்பே சாக்கட்டியால் ஒரு சாண் வட்டம் போட்டுக் காட்டிவிடுங்கள். தேனுக்காகச் சுவரை உடைக்க ஆள் வருவார்கள், கிடைப்பது ஒரு கரண்டி, போவது கூடும் சுவரும்.

கொல்லைப்புறத்து மண்சுவரில் பென்சில் அளவு ஓட்டைகள் வரிசையாக இருந்தால் நீல வரித் தேனீயாக இருக்கலாம். வயிற்றில் நீலப் பட்டைகள் மின்னும். கத்தரிப்பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து மகரந்தத்தைக் கொட்டவைக்கும். கொம்புத்தேனீயாலும் அடுக்குத்தேனீயாலும் அப்படி அதிர முடியாது. கத்தரி, தக்காளி காய்ப்பு கூட வேண்டுமென்றால் அந்தச் சுவரைச் சிமென்ட் போட்டு அடைக்காதீர்கள்.

உத்தரத்தில் துளைபோடும் பெரிய கறுப்பு மரத்துளை வண்டு (இதுவும் தேனீ வகைதான்) பலருக்குத் தலைவலி. துளைத்த தூள் தரையில் மஞ்சளாகக் கொட்டிக் கிடக்கும். வெயில் பட்டு வெளுத்த, எண்ணெய் காணாத மரத்தையே அது தேடும். உத்தரத்துக்கு ஆண்டுக்கொருமுறை எண்ணெய் பூசுங்கள். கொல்லையில் கட்டை விரல் நுழையும் அளவு துளையுள்ள காய்ந்த மூங்கில் துண்டுகளை, ஒரு முனை கணுவால் மூடியிருக்கும்படி வெட்டி, கட்டாகக் கட்டி, மழைபடாமல் கிடைமட்டமாகத் தொங்கவிடுங்கள். இடம் மாறிக்கொள்ளும்.

இனிக் கெட்ட செய்தி. பழந்தின்னிப் பறவைகள் கூடினால் சுவரில் அரசங்கன்றும் ஆலங்கன்றும் கூடும். சின்னான், மைனா, குக்குறுவான் எச்சத்தில் வரும் விதை சுண்ணாம்பு இடுக்கில் முளைத்து, இரண்டே ஆண்டில் வேர் சுவரைப் பிளந்துவிடும். கார்த்திகை, மார்கழியில் மழைவிட்ட மறுநாள், சுவர் நனைந்திருக்கும்போது, ஒரு சாண் உயரத்துக்குள் இருக்கும் கன்றை வேரோடு உருவிவிடுங்கள். வெட்டினால் கிளைத்து இன்னும் தடிக்கும். ஆசிட் ஊற்றச் சொல்வார்கள், செய்யாதீர்கள், சுண்ணாம்பு கரைந்துபோகும். உருவிய ஓட்டையைச் சுண்ணாம்புச் சாந்தாலேயே அடையுங்கள். சிமென்ட் உள்ளே ஈரத்தைப் பிடித்துவைத்துச் சுற்றியுள்ள பூச்சையும் உதிர்த்துவிடும்.

ஊருணிக்கரை | பள்ளத்தூர்

செம்புராங்கல் ஐயா சொன்னதோடு இரண்டு சேர்க்கிறேன். முகப்பில் பழைய நிலைக்கண்ணாடி இருந்தால் குண்டுகரிச்சானும் சின்னானும் இனப்பெருக்க காலத்தில் தன் பிம்பத்தையே எதிரி என்று கொத்திக்கொண்டிருக்கும். நாள்கணக்கில் கொத்தி இரை தேடாமல் சோர்ந்துபோகும். அந்த மாதங்களில் ஒரு துணி போட்டு மூடினால் போதும். அடுத்தது, வளவின் (நடு முற்றத்தின்) மேல் குரங்குக்காகக் கட்டும் வலை. தொளதொளவென்ற நைலான் வலையில் பறவையும் வௌவாலும் சிக்கிச் சாகின்றன. அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள்.

சாரை | புதுவயல்

பாம்பைப் பற்றிக் கேட்டீர்கள். சருகு வைத்தால் பாம்பு வரும் என்பது அரை உண்மை. பாம்பு வருவது எலிக்கும் தவளைக்கும் ஒளிய இடத்துக்கும். செங்கல் குவியல், ஓட்டுக் குவியல், விறகடுக்கு ஆகியவைதான் சருகைவிட ஆபத்து. அவற்றைச் சுவரிலிருந்து பத்தடி தள்ளி, தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி அடுக்குங்கள்.

நம் பகுதியில் கவனிக்க வேண்டிய நச்சுப்பாம்பு நாலு: நல்லபாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன். வறண்ட செம்மண்ணில் சுருட்டை கல்லிடுக்கில் கிடக்கும், சின்னது, அதனால் கண்ணுக்குத் தப்பும். சருகை, கல்லைக் கையால் புரட்டாதீர்கள், நீளமான கழியால் புரட்டுங்கள். கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள்ளேயே வரும், கடி வலிக்காமலே போகலாம். தரையில் படுப்பவர்கள் கொசுவலையை நாலு பக்கமும் பாய்க்கடியில் செருகிப் படுக்க வேண்டும். இரவில் கொல்லைக்குப் போனால் டார்ச்சும் மூடிய செருப்பும்.

சாரை, கொம்பேறிமூக்கன், பச்சைப்பாம்பு, மண்ணுளி நான்கும் நஞ்சால் ஆளைக் கொல்லாது. மண்ணுளியைக் கண்ணாடி விரியன் என்று அடித்துக் கொல்வது அடிக்கடி நடக்கிறது. எது என்று தெரியாவிட்டால் தூர நின்று பார்த்துக்கொண்டே வனத்துறைக்கோ தீயணைப்புக்கோ, 101, சொல்லுங்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்கு. பாம்பைப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை, நஞ்சுமுறிவு மருந்து இந்த நாலுக்கும் ஒன்றேதான்.

கொல்லைக்கட்டு | கானாடுகாத்தான்

மிக்க நன்றி. செதுக்குவதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். மயில் வந்து கீரைப்பாத்தியைக் கிளறுகிறது, அதற்கு வழி?

கம்பங்கதிர் | தேவகோட்டை

முளைத்து ஒரு சாண் வரும்வரை கருவேல முள்ளைப் பாத்திமேல் பரப்புங்கள். மயில் 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, கண்ணி வைத்தாலோ மருந்து வைத்தாலோ சிறைதான். கிளியைக் கூண்டில் வளர்ப்பதும் அதே சட்டப்படி குற்றம்.

ஊருணிக்கரை | பள்ளத்தூர்

பார்த்துக் குறிப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரே இடம், ஒரே நேரம், ஒரே அளவு. விடிந்து அரைமணியில் தொடங்கி 15 நிமிடம், கொல்லை வாசற்படியில் உட்கார்ந்து. கண்டது, குரல் கேட்டது எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு எழுதுங்கள். காக்கையையும் விடாதீர்கள், பின்னால் குறைந்தால் எப்படித் தெரியும்? ஒரே தேன்சிட்டு ஐந்து முறை வந்தால் ஐந்து என்று எழுதக் கூடாது, ஒரே நேரத்தில் கண்ட அதிகபட்ச எண்ணிக்கைதான் கணக்கு. மேகமூட்டம், காற்று, எந்தச் செடி பூத்திருக்கிறது என்பதையும் ஒரு வரி. தொலைநோக்கி வாங்கினால் 8x42. குறைந்தபட்சக் குவியத் தூரம் 2 மீட்டருக்குள் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், வண்ணத்துப்பூச்சிக்கும் உதவும். பட்டியலை ஈபேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றிவிடுங்கள். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, வீட்டுக் கொல்லையிலிருந்தே கலந்துகொள்ளலாம்.

கூட்டைக் கண்டால் கிளையை விலக்கிப் படம் எடுக்காதீர்கள். தையல்சிட்டு இலையைத் தைக்கும் முதல் நாட்களில் தொந்தரவு செய்தால் விட்டுவிட்டுப் போய்விடும். காக்கையும் வால்காக்கையும் நாம் எங்கே அடிக்கடி எட்டிப்பார்க்கிறோம் என்று கவனித்து வந்து முட்டையைத் தூக்கும். இறகு முளைத்த குஞ்சு தரையில் தத்திக்கொண்டிருந்தால் எடுத்து வளர்க்க வேண்டாம், பக்கத்துப் புதரில் விட்டுத் தள்ளி நில்லுங்கள், தாய் வரும். மனிதர் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையில்லை.

நந்தியாவட்டை | காரைக்குடி

தீபாவளி நெருங்குகிறது, கொல்லைப் பக்கம் வெடி வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகப் பல ஆண்டுகளாக வெடியே வெடிப்பதில்லை. நம்மால் ஒரு கொல்லைக்காவது அதைச் செய்ய முடியும்.

கொல்லைக்கட்டு | கானாடுகாத்தான்

கட்டாயம், ஆச்சி. ஒரு அவசரக் கேள்வி. இன்று விடியற்காலை வளவுக்குள் ஒரு குருவி. குட்டை வால், வயிற்றடி சிவப்பு, முதுகு பச்சை, கண்ணில் கறுப்புப் பட்டை. பறக்காமல் தூணோரம் உட்கார்ந்திருக்கிறது.

ஊருணிக்கரை | பள்ளத்தூர்

ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலிருந்தும் மத்திய இந்தியாவிலிருந்தும் இரவில் பறந்து வருவது, களைத்தோ சுவரில் மோதியோ விழுந்திருக்கும். பூனையை முதலில் வெளியே விடுங்கள். மெல்லிய துண்டை மேலே போட்டு இரண்டு கையாலும் மெதுவாக எடுத்து, ஓட்டைகள் போட்ட அட்டைப்பெட்டியில், அடியில் பருத்தித் துணி விரித்து, மூடி, இருட்டான அமைதியான அறையில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்ச் செத்துவிடும். சோறு, பழம் எதுவும் வேண்டாம். மணிக்கு ஒருமுறைக்கு மேல் திறந்து பார்க்காதீர்கள். இறக்கை ஒருபக்கம் தொங்கினாலோ ரத்தம் இருந்தாலோ உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். இல்லையென்றால் சாயங்காலம் ஐந்தரைக்கு வேம்படிச் சருகில் பெட்டியைச் சாய்த்துத் திறந்துவிட்டுப் பின்வாங்குங்கள்.

கொல்லைக்கட்டு | கானாடுகாத்தான்

பெட்டியில் வைத்தாயிற்று. இறக்கை இரண்டும் சமமாக இருக்கிறது, ரத்தம் இல்லை. ஐந்தரைக்குத் திறக்கிறேன்.